அலட்டிக்கொள்ளாத கடற்கரை வீடு

மூன்றாவது பூச்சு காய்ந்த பிறகும் சுவரில் மஞ்சள் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. வெர்னா ஆல்லி பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அவற்றை முறைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பைன் பலகைச் சுவரில் எத்தனை கணு உண்டோ அத்தனையும் வெள்ளைப் பெயிண்டைத் தாண்டி வெளியே வந்திருந்தது. வீட்டுக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது.

“இன்னொரு பூச்சு அடிச்சா மறைஞ்சிடும்,” என்றாள்.

“மறையாது. அது பிசின்,” என்றான் அவள் புருஷன் ஹார்லன், வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. “முப்பது வருஷமா பழுப்பா, யாருக்கும் தொந்தரவு இல்லாம கிடந்த சுவரு. அதைப் போய் ஏன் சீண்டுற?”

“ஏன்னு உனக்குத் தெரியாது?”

அவனுக்குத் தெரியும். எங்கள் ஊர் டிங்லி துறை முழுக்கத் தெரியும். அவர்களுடைய ஒரே பிள்ளை டேல், ஆறு வருடத்துக்கு முன்னால் கடலே எட்டாத நெப்ராஸ்காவில் ரயில்வே வேலைக்குப் போனான். போன இடத்தில் கிறிஸ்டா என்று ஒரு சோளப் பண்ணைக்காரர் மகளைப் பார்த்தான், மயங்கினான், ஆகஸ்டில் கல்யாணம் என்றான். எங்கே கல்யாணம் என்பதுதான் பாக்கி. பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வீட்டைப் பார்க்கிறார்களாம். பார்த்த பிறகு முடிவாம்.

ஆகஸ்ட் என்றால் எங்கள் மெய்ன் மாநிலத்துக் கடலில் சிங்கி இறால் கொட்டுகிற மாதம். கூண்டைக் கடலில் போட்டுவிட்டு ஒருத்தனும் ஊரை விட்டு நகர மாட்டான், சொந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் ஹார்லனே யோசிப்பான். ஆனால் கோடைக்கால ஞாயிற்றுக்கிழமையில் கூண்டைத் தூக்கக் கூடாது என்று இங்கே சட்டம். டிங்லி துறையில் ஞாயிறன்று கல்யாணம் வைத்தால் ஊரே கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கும். நெப்ராஸ்காவில் வைத்தால் வெர்னா ஒருத்திதான் போக முடியும். இரண்டு விமானம் மாறி, தன்னந்தனியாக.

“என் பிள்ளை கல்யாணம் இங்கேதான் நடக்கும்,” என்றாள் வெர்னா. “எழுதி வெச்சுக்கோ.”

பிரச்சினை டேலின் வாயால் வந்தது. வருங்கால மாமியாரிடம் அவன் பெருமையாக, “எங்களுது கடற்கரை வீடு,” என்று சொல்லி வைத்திருந்தான்.

“அவன் என்ன பொய்யா சொன்னான்? ஜன்னலைத் திறந்தா கடல்தானே?” என்று கேட்டான் ஹார்லன்.

“ஜன்னலை யாரு பார்ப்பா? உள்ள என்ன இருக்கு, பாரு! பழுப்புச் சோபா, நாலு மான் தலை, விறகு அடுப்பு. இதைப் பார்த்தா மலைக்காட்டுல வேட்டைக்காரன் வீடு மாதிரி இருக்கு.”

உண்மைதான். எங்கள் துறையில் எல்லார் வீடும் அப்படித்தான். விடியலிலிருந்து சாயங்காலம் வரை கடலோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன், வீட்டுச் சுவரிலும் கடலையா மாட்டுவான்?

ஆனால் பல் டாக்டர் வீட்டில் காத்திருந்த நேரத்தில் வெர்னா ஒரு பத்திரிகையைப் பார்த்துவிட்டாள். அதிலிருந்து ஆறு பக்கங்களை இருமிக்கொண்டே கிழித்தும் வந்துவிட்டாள். ‘அலட்டிக்கொள்ளாத கடற்கரை வீடு’ என்று தலைப்பு. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சோபா, கண்ணாடிக் குடுவையில் சிப்பி, சுவரில் மிதவை. எதுவும் மெனக்கெட்டுச் செய்தது போலத் தெரியக் கூடாதாம். எல்லாம் தானாக அமைந்தது போல, போகிற போக்கில் இருக்க வேண்டுமாம்.

வெர்னா தன் வாழ்நாளில் எதையும் போகிற போக்கில் செய்தவள் அல்ல. பள்ளிக்கூட பஸ்ஸை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள். ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் தாமதித்ததில்லை. அலட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு நேரம் குறித்து ஒரு பட்டியல் போட்டு, குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டினாள். புதன், சுவர். வியாழன், சோபா, சிப்பி. வெள்ளி, மிதவை. சனி, அலட்டிக்கொள்ளாமல் ஒருமுறை சரிபார்ப்பது.

புதன்கிழமை சுவர் பாதியிலேயே பெயிண்ட் தீர்ந்துபோனது. கடைக்குப் போக நாற்பது மைல்.

“கொட்டகையில ஒரு டப்பா வெள்ளை இருக்கு,” என்றான் ஹார்லன், எப்படியாவது இந்த வேலை முடிந்தால் சாப்பாடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

வெர்னா அதை எடுத்து மீதிச் சுவர் முழுக்க அடித்தாள். நாலாவது பூச்சாக மற்ற சுவர்மேலும் அடித்தாள். காய்ந்த பிறகு தொட்டுப் பார்த்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“ஹார்லன், என்ன பெயிண்ட்டு இது?”

“படகுத் தளத்துக்கு அடிக்கிறது. தண்ணி பட்டா கால் வழுக்காம இருக்கணும்ல? மணல் கலந்திருக்கும்.”

“அடப்பாவி! சுவர்ல யாரு நடக்கப் போறா?”

ஹார்லன் ஒரு தீக்குச்சியை எடுத்து நடுக்கூடத்துச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்தான். பற்றிக்கொண்டது. அவனுக்கு ரொம்பத் திருப்தி. தோள் சுவரில் உரச அவன் திரும்பியபோது கம்பளிச் சட்டையின் ஒரு கை சுவரோடு தங்கிவிட்டது. மஞ்சள் புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. இப்போது சொரசொரப்பாக இருந்தன, அவ்வளவுதான்.

“இருக்கட்டும். கடற்கரைன்னா மணல் இருக்கும்,” என்றாள் வெர்னா. பட்டியலில் புதன்கிழமையை அடித்தாள்.

வியாழக்கிழமை சோபாவையும் மான் தலைகளையும் இரைக் கொட்டகைக்குத் தள்ளினாள். சிங்கி இறாலுக்குக் கூண்டில் வைக்கிற உப்பு மீன் அங்கேதான் பீப்பாய் பீப்பாயாக இருக்கும். தோட்டத்து பெஞ்சை உள்ளே கொண்டுவந்து வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தி அதைச் சோபா ஆக்கினாள். ஹார்லன் உட்கார்ந்து பார்த்தான்.

“முதுகு வலிக்குது.”

“உன்னை யாரு சாயச் சொன்னா? அலட்டிக்காம நிமிர்ந்து உக்காரு.”

பிறகு வாளியோடு கரைக்குப் போனாள். கடைகளில் விற்கிற பளபளப்பான சிப்பி எங்கள் கரையில் கிடையாது. எங்களுக்குக் கிடைப்பது பாறையில் ஒட்டியிருக்கிற கட்டைவிரல் நகம் அளவு நத்தை. ஒரு வாளி அள்ளி வந்து, குழாயில் அலசி, பெரிய கண்ணாடிக் குடுவையில் நிரப்பி, நடு மேஜையில் வைத்தாள். பத்திரிகைப் படத்தை விடவும் நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் குடுவை பாதிக்கு மேல் காலி. ஹார்லன் காபியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெர்னா, உன் அலங்காரம் மேல ஏறிக்கிட்டிருக்கு.”

அலசும்போது எது காலிக் கூடு, எது உயிரோடு இருப்பது என்று அவள் பார்க்கவில்லை. அத்தனையும் உயிரோடு இருந்தவை. அவை சுவரில் வரிசையாக உத்தரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்பத்தி மூன்று எடுத்தாள். இனி எதுவும் நடமாடக் கூடாது என்று எல்லாவற்றையும் கொதிக்க வைத்தாள். கொதிக்க வைத்து உள்ளே இருக்கிற சதையோடு மறுபடியும் குடுவையில் போட்டு வைத்தாள். வெயில் நன்றாக விழுகிற ஜன்னலோரத்தில்.

மஞ்சள் புள்ளியை மறைக்க இனி ஒரே வழி, மிதவைகள். வீட்டுக்குப் பின்னால் பாறை இடுக்குகளில், குளிர்காலப் புயல் ஒதுக்கித் தள்ளிய மிதவைகள் கிடந்தன. பதினொன்றைப் பொறுக்கி வந்து, பெரிய பெரிய புள்ளிகளாகப் பார்த்து மாட்டினாள். ஆரஞ்சு, பச்சை, சிவப்பு, கறுப்புப் பட்டை. கூடம் ஜம்மென்று ஆகிவிட்டது.

அப்போது ஒரு ஏணி கடன் கேட்க கிளேட்டன் வந்தான். அவனும் ஹார்லனும் பக்கத்துப் பக்கத்தில் படகைக் கட்டுகிறவர்கள். உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“வெர்னா. அது என் மிதவை.”

“ஆமா, அழகா இருக்குல்ல?”

“என் ஆரஞ்சு, என் பச்சை. என் நம்பர் அடியில சுட்டிருக்கு. அது உங்க வீட்டுச் சுவர்ல என்ன பண்ணுது?”

அப்போதுதான் வெர்னாவுக்கு உறைத்தது. கடலில் கூண்டு கிடக்கிற இடத்துக்கு அடையாளமாகக் கயிற்றில் கட்டி விடுவதுதான் மிதவை; அதற்கு எங்கள் கரையில் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நிறம். உரிமச் சீட்டிலேயே எழுதியிருக்கும், படகு மேலும் தொங்கும். ஒருவன் மிதவை இன்னொருவன் வீட்டில் இருந்தால், கயிற்றை அறுத்தவன் இவன்தான் என்று பேசிக்கொள்வார்கள். அப்பன் காலத்தில் இதற்காகப் படகுகளே மூழ்கியிருக்கின்றன. முப்பத்தோரு வருடம் சிங்கிக்காரன் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் மூன்று நாளாக அவள் கண்ணுக்குப் புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“கரையில ஒதுங்கினது, கிளேட்டன். சத்தியமா.”

“அப்ப குடு.”

“திங்கட்கிழமை தர்றேன். அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய புள்ளி இருக்கு.”

“போன மாசம் எனக்கு நாப்பது கூண்டு காணாமப் போச்சு. புள்ளிங்கிறே?”

ஏணியை வாங்காமலேயே போய்விட்டான். மத்தியானத்துக்குள் படகுத்துறை முழுக்கச் செய்தி போய்விட்டது. ஹார்லன் எரிபொருள் போடப் போனபோது ஒருத்தனும் அவனோடு பேசவில்லை.

“கழட்டிக் குடுத்துடு வெர்னா. முப்பது வருஷத்துல என்னை ஒருத்தன் திருடன்னு பார்த்ததில்ல,” என்றான் அவன். நிஜமாகவே அவன் குரல் உடைந்திருந்தது.

வெர்னாவுக்கும் சுருக்கென்றது. ஆனால் சுவர்? கழற்றினால் பதினொரு புள்ளியோடு பதினொரு ஆணியும் தெரியும். யோசித்தாள். யாருடைய நிறமும் இல்லாவிட்டால் யாருக்கும் கோபம் வராது அல்லவா? பத்திரிகைப் படத்தில் மிதவைகள் வெளிர்நீலத்தில், நடுவில் ஒரே வெள்ளைப் பட்டையோடு இருந்தன. சனிக்கிழமை ஹார்லன் கடலில் இருந்த நேரத்தில் பதினொன்றையும் அப்படியே அடித்து முடித்தாள். பட்டை ஒன்றுகூடக் கோணவில்லை.

சாயங்காலம் ஹார்லன் உள்ளே வந்தான். சாப்பாட்டுப் பையைக் கீழே போட்டான்.

“வெர்னா... இது யாரு நிறம் தெரியுமா?”

“யாருதும் இல்ல. பத்திரிகைக்காரன் நிறம்.”

“வின்ஃபீல்டு நிறம்! கிராஸ் முனை வின்ஃபீல்டு!”

விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கிராஸ் முனை. எல்லைத் தகராறில் ஒன்பது வருடமாக எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் வின்ஃபீல்டு.

“கிளேட்டன் மிதவைமேல வின்ஃபீல்டு பெயிண்ட்டா!” ஹார்லன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தான், சாய்ந்தான், முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒருத்தனும் கடலுக்குப் போக மாட்டான். எல்லாரும் இங்கதான் வருவானுங்க.”

“யாரு போய்ச் சொல்லப் போறா?”

ஜன்னலுக்கு வெளியே கிளேட்டனின் வண்டி மெதுவாகப் போனது. நின்றது. பின்னால் வந்தது. ஜன்னலுக்கு நேராக மறுபடியும் நின்றது. பிறகு சக்கரம் சரளைக் கல்லை வாரி இறைக்கப் பறந்தது.

“வரட்டும்,” என்றாள் வெர்னா. “கல்யாணம் எங்கேன்னு முடிவாகிற வரைக்கும் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டேன்.”

ஞாயிறு பதினொரு மணிக்கு வாடகைக் கார் வந்து நின்றது. கிறிஸ்டாவின் அம்மா டோரீன் விளாசக் இறங்கினார். உருண்டையான, சுறுசுறுப்பான அம்மாள். பின்னாலேயே அவர் கணவர் லெனர்ட், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. உயரமானவர், வழி நெடுக வாயைத் திறந்திருக்கமாட்டார் என்று பார்த்த உடனே தெரிந்தது. அவர் வாசல்படியிலேயே நின்றுகொண்டார்.

“வாங்க வாங்க. வீடு இப்படித்தான் கிடக்கும். நாங்க எதுக்கும் அலட்டிக்க மாட்டோம்,” என்றாள் வெர்னா. நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வாக்கியம்.

டோரீன் கூடத்தின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். முகத்தில் இருந்த சிரிப்பு சுற்றி முடிப்பதற்குள் வடிந்துவிட்டது. சுவரைத் தடவினார்.

“சுவர்லகூட மணலா?” என்றார், சன்னமான குரலில்.

“இந்தப் பக்கத்துல அப்படித்தாங்க.”

“மேல அந்த மஞ்சப் புள்ளி?”

“அது... உப்புக் காத்துக்கு வர்றது.”

“இந்தச் சிப்பி எல்லாம் கடையில வாங்கினதா?”

“கரையில பொறுக்கினதுதான்.”

“ஓ,” என்றார் டோரீன். முகம் இன்னும் சுருங்கியது. “எங்களுக்கெல்லாம் கடையிலதான்.” குடுவைக்குப் பக்கத்தில் குனிந்தவர், மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். “வாசனையும்கூட நிஜமா இருக்கு.”

போச்சு, பிடிக்கவில்லை என்று நினைத்தாள் வெர்னா. அவசரமாக ப்ளூபெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி வைத்தாள். டோரீன் முள்கரண்டியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து உத்தரத்திலிருந்து எண்பத்தி நாலாவது நத்தை அந்தப் பலகாரத்தின்மேல் தொப்பென்று விழுந்தது. விழுந்து, கொஞ்சம் யோசித்து, தட்டின் ஓரத்துக்கு நகர ஆரம்பித்தது.

யாரும் வாயைத் திறப்பதற்குள் பின்கதவு படாரென்று திறந்தது.

“எங்கடா அந்த வின்ஃபீல்டுப் பய சொத்து?” கிளேட்டன். அவன் பின்னால் பூட்ஸும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையுமாக ஒன்பது பேர். “ஹார்லன்! என் மிதவையை அவனுக்கே வித்துட்டியா?”

“டேய், விருந்தாளி வந்திருக்காங்கடா!” என்றான் ஹார்லன்.

“விருந்தாளியா? அவங்களும் கிராஸ் முனையா?”

“நெப்ராஸ்கா,” என்றார் டோரீன், தட்டைக் கையில் பிடித்தபடியே.

ஒருவன் ஆணியோடு ஒரு மிதவையைப் பிடுங்கினான். அடியில் நம்பரைப் பார்த்து, “இது என்னுது!” என்று கத்தினான். அடுத்தவன் இன்னொன்றைப் பிடுங்கினான். புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கிளேட்டன் தன்னுடையதைப் பிடுங்கித் திரும்பிய வேகத்தில், அவன் சட்டை முதுகு சுவரோடு ஒட்டிக் கிழிந்தது.

வெர்னா மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கிய பஸ் டிரைவரின் தட்டு அது. பத்துப் பேரும் அடங்கிவிட்டார்கள்.

“போதும்! எல்லாம் நான்தான் பண்ணினேன். கிளேட்டன், ஹார்லன் ஒரு கயித்தையும் அறுக்கல. கரையில கிடந்ததை நான்தான் பொறுக்கினேன், நான்தான் பெயிண்ட் அடிச்சேன். அது வின்ஃபீல்டு நிறம்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்கோ.” டோரீனைப் பார்த்துத் திரும்பினாள். “நீங்களும் மன்னிச்சுக்கணும். இது எங்க வீடே இல்லீங்க. அதாவது வீடு எங்களுதுதான். ஆனா இப்படி இல்ல. எங்க சுவரு பழுப்பு. எங்க சோபாவும் பழுப்பு, மீன் பீப்பாய்க்குப் பக்கத்துல கிடக்கு. நாலு மான் தலையும் அங்கதான் இருக்கு. இந்த ஊர்ல ஒருத்தரும் கடலை வீட்டுக்குள்ள வெச்சுக்கிறதில்ல. உங்களுக்குப் பிடிக்கணும்னுதான் இவ்வளவும்.”

விடாமல் பேசினாள்.

“எனக்கு ஒரே பிள்ளைங்க. ஆகஸ்ட்ல உங்க ஊர்ல கல்யாணம் வெச்சா, அவன் பக்கம் நான் ஒருத்திதான் உக்காந்திருப்பேன். இதோ கத்தினானே, இந்தக் கிளேட்டன்தான் டேலுக்குப் படகு ஓட்டச் சொல்லிக் குடுத்தான். இவனுங்க யாரும் இல்லாம என் பிள்ளை கல்யாணம் பண்ணிக்கிறதை என்னால பார்க்க முடியாது. அவ்வளவுதான். இப்ப நீங்க அந்தப் பலகாரத்தைச் சாப்பிட வேண்டாம்.”

கிளேட்டன் மிதவையைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

“ஞாயித்துக்கிழமைன்னா நான் வந்துடுவேங்க,” என்றான் டோரீனிடம். “கோட்டு இருக்கு.”

“எனக்கும் இருக்கு,” என்றான் பின்னால் ஒருவன்.

டோரீன் தட்டைக் கீழே வைத்தார். வெள்ளை விரிப்பு மேல் பொத்தென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று வெர்னாவுக்குப் புரியவில்லை. பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டோரீன் ஒரு கையை எடுத்து அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்கிற மாதிரி.

அதுவரை வாசல்படியில் நின்றிருந்த லெனர்ட் முதல் தடவையாக உள்ளே வந்தார். சுவரை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

“அப்ப டோரீன்,” என்றார், “கல்யாணத்துக்கு இவங்க வந்தா சொந்த ஊர் மாதிரி இருக்கட்டும்னு நம்ம வைக்கோல் கொட்டகைக்குள்ள நீ ரெண்டு லாரி மணல் கொட்டி வெச்சிருக்கியே, ஊருக்குப் போனதும் அதை நான் வாரிடட்டுமா?”